படம் பிடித்தலும் பிடியாமையும்

கையில் ஆயுதம் இல்லை. புகைப்படக் கருவி மட்டுமே உள்ளது. அதனாலும் ஓர் உயிருக்குத் துன்பம் விளையுமோ? விளையும். ஸ்காட்லாந்து நாட்டின் இரு பறவைகளைக் கொண்டு இதனை நாம் அறியலாம்.

கிரௌஸ் என்பன கோழிக் குடும்பத்தைச் சேர்ந்த காட்டுப் பறவைகள். அவற்றுள் கருங்கிரௌஸ் சேவல்கள் ஏப்ரல், மே மாதங்களில் விடியற்பொழுதில் திறந்த வெளியொன்றில் கூடுகின்றன. 'லெக்' எனப்படும் அவ்வாடுகளத்திற்கே ஆண்டுதோறும் வருகின்றன. கருநீலம் மின்னும் உடலைத் தாழ்த்தி, யாழ் போன்று வளைந்த வாலை விரித்து, சீறியும் முழங்கியும் ஆடுகின்றன. பழுப்பு நிறப் பெடைகள் வந்து நோக்கித் துணையைத் தேர்கின்றன. பெரும்பாலான பெடைகள் ஒருசில சேவல்களையே தேர்வதால் போட்டி கடுமையாகின்றது. அடைகாத்தலும் குஞ்சு பேணலும் பெடையின் பொறுப்பே.

இக்காட்சியைப் படம் பிடிக்க விழைவோர் கடைப்பிடிக்க வேண்டியவை சில:

1. விடிவதற்கு ஒரு மணி நேரம் முன்னரே சென்று அமர்தல். சாலையோரக் களமாயின் காரே சிறந்த மறைவிடம், அதனின்று இறங்கலாகாது.
2. குறைந்தது 100 மீட்டர் தொலைவில் நின்று நீண்ட லென்ஸைப் பயன்படுத்தல்.
3. ஃபிளாஷ் ஒளியைத் தவிர்த்தல். படம் சற்றுத் தெளிவு குன்றினும் குற்றமில்லை.
4. பறவைகள் தாமாகவே கலைந்த பின்னரே புறப்படுதல்.

பெடை களத்தை நாடும் காலைகள் மிகச் சிலவே. அஞ்சிப் பறந்துவிடின் அவ்வாண்டின் இனப்பெருக்கமே கெடக்கூடும்.

மற்றொரு பறவை, கிரௌஸ் இனத்திற் பெரியதாகிய கேப்பர்கேய்லி. பைன் காடுகளில் வாழும் இது 18ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் அற்றுப்போயிற்று. 1837இல் சுவீடனிலிருந்து கொணர்ந்து மீண்டும் விடப்பட்டது. 2021-22 கணக்கெடுப்பில் மதிப்பிடப்பட்ட தொகை 542 மட்டுமே. இதன் சேவல்கள் ஆடுகளத்தின் அருகிலுள்ள மரங்களிலேயே இரவைக் கழிப்பதால், இருளில் நடந்து வருவோனும் அவற்றைக் கலைத்துவிடுவான். ஆடுகளத்தில் இதனை வேண்டுமென்றோ பொறுப்பின்றியோ கலைப்பது அந்நாட்டுச் சட்டப்படி குற்றமாகும்.

ஆகவே முன்னதற்கு நெறியோடு படம் பிடித்தல் தகும். பின்னதற்கு ஆடுகளத்தை நாடாதிருத்தலே தகும். ஓர் உயிரின்பால் அன்புடையோம் என்று கூறும் நாம், அதனைக் காணும் ஆசையையும் அளவிற்குட்படுத்தல் வேண்டும். எடுத்த படத்தால் நமக்குப் பெருமை வரலாம். எடாத படத்தால் ஒரு குஞ்சு பிழைக்கலாம். எது பெரிதென்பதை நம் இளைஞர்கள் எண்ணிப் பார்ப்பார்களாக.