நீ அனுப்பிய 43 வாரங்கள்

அன்புள்ள தம்பி,

உன் எக்செல் தாளை நேற்று ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். நிஃப்டியில் வாராவாரம் கால் ஆப்ஷனும் புட் ஆப்ஷனும் விற்றால் 2023இல் 43 வாரம் லாபம் என்று பச்சை தீட்டியிருக்கிறாய். வேலையை விட்டுவிடலாமா என்று வேறு கேட்கிறாய். பொறு ராசா.

எந்த விலைக்கு விற்றதாக எழுதினாய்? "நாள் முடிவு விலைதான் அண்ணே" என்பாய். சிராங்கூன் ரோட்டில் காசு மாற்றும் கடைப் பலகையைப் பார்த்திருக்கிறாயே, கடைக்காரர் வாங்க ஒரு விலை, விற்க ஒரு விலை. ஆப்ஷனிலும் அப்படித்தான். உன் தாளில் ஒரே விலைதான் இருக்கிறது. சந்தை விலையிலிருந்து தொலைவான ஸ்டிரைக்கில் ஆள் வராவிட்டால், மத்தியானம் கடைசியாகக் கைமாறிய விலையே முடிவு விலையாக நிற்கும். நம் சிங்கப்பூர் நேரம் மாலை ஆறு மணிக்குச் சந்தை மூடும்போது அந்த விலையில் உன்னிடம் வாங்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். தரகையும் வரியையும் கழிக்கவே மறந்துவிட்டாய், கழுதை!

அதைவிடப் பெரிய தவறு, அமைதியான ஒரு வருடத்தை மட்டும் எடுத்தது. இதே ஊரில், சைமெக்ஸ் சந்தையில், பேரிங்ஸ் வங்கியின் நிக் லீசன் நீ செய்ய நினைப்பதையேதான் செய்தார். 88888 என்ற கணக்கில் ஒளித்த நட்டத்தை மூட, ஜப்பானின் நிக்கே குறியீட்டில் காலும் புட்டும் சேர்த்து விற்றுப் பிரீமியம் வாங்கினார். சந்தை நகராதவரை அதுவும் பச்சைதான். 1995 ஜனவரி 17இல் கோபேயில் பூமி அதிர்ந்தது. 23ஆம் தேதி நிக்கே ஆயிரம் புள்ளிக்கு மேல் சரிந்தது. விழுந்ததைத் தூக்கி நிறுத்த ஃபியூச்சர்ஸ் வாங்கிக் குவித்தார். பிப்ரவரி முடிவதற்குள் 82.7 கோடி பவுண்ட் நட்டம். 233 வருடத்துப் பேரிங்ஸ் வங்கி ஒரு பவுண்டுக்குக் கைமாறியது.

"நான் ஒளிக்கவில்லையே, ஸ்டாப்லாஸ் வைப்பேனே" என்கிறாயா? நாள் முடிவு விலையை வைத்துக்கொண்டு ஸ்டாப்லாஸைச் சோதிக்கவே முடியாது. நடுப்பகலில் என்ன நடந்தது என்று அதில் இல்லை. 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 13 சதவீதம் விழுந்தது. நடுவே 45 நிமிடம் வர்த்தகமே நின்றது. உன் ஸ்டாப்லாஸ் அப்போது யாரிடம் போய்ச் சொல்லும்?

இன்னொன்று, மறைக்காமல் சொல். ஸ்டிரைக்கையும் நேரத்தையும் எத்தனை முறை மாற்றிப் பார்த்துவிட்டு இந்த 43ஐப் பிடித்தாய்? இருபது முறை என்றால், தோற்ற பத்தொன்பது தாள்களும் எனக்கு வேண்டும். இந்தியப் பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024இல் வெளியிட்ட கணக்கில், மூன்று ஆண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷனில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நட்டப்பட்டிருக்கிறார்கள். அவர்களில் எத்தனையோ பேரிடம் இப்படி ஒரு பச்சைத் தாள் இருந்திருக்கும்.

2020ஐயும், தேர்தல் முடிவு வந்த 2024 ஜூன் 4ஐயும் சேர்த்து மறுபடி ஓட்டு. விற்கும்போது குறைந்த விலை, திரும்ப வாங்கும்போது கூடிய விலை போடு. ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்கு எடுத்து வா, சேர்ந்து பார்ப்போம். அதுவரை ராஜினாமாக் கடிதம் எழுதாதே.

அன்புடன்,
அண்ணன்