குருதி வரையும் கோடு

ஊதிக்கொண்டு வரும் இரயில் வண்டி நெருங்குங்கால் அதன் ஒலி உயர்ந்து கேட்கும். கடந்து செல்லுங்கால் தாழ்ந்து கேட்கும். ஊதலோ ஒன்றே. இயங்கும் பொருளிலிருந்து வரும் அலைகள் இவ்வாறு மாறித் தோன்றும் என்னும் உண்மையை 1842-ஆம் ஆண்டில் பிராக் நகரில் எடுத்துரைத்தவர், கிறிஸ்டியன் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர். அவர் ஆராய்ந்தது விண்மீன்களின் ஒளியை. மனிதர் கால்களில் ஓடும் குருதியை அன்று. குருதியோட்டத்தை அறிய அவ்வுண்மையைப் பயன்படுத்தும் முயற்சி, 1950-களில் ஜப்பானின் ஒசாகா நகரில் சடோமுரா என்பவரால் தொடங்கப்பெற்றது.

மருத்துவர் எழுதுகோல் போன்ற சிறு கருவியொன்றைக் கணுக்காலில் வைக்கிறார். அது நொடிக்கு ஏறத்தாழ 80 இலட்சம் அதிர்வுகள் கொண்ட ஒலியை உள்ளே செலுத்தும். மனிதச் செவி 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டதைக் கேளாது. எனினும், ஓடும் சிவப்பணுக்களில் பட்டு மீளும் ஒலிக்கும் சென்ற ஒலிக்கும் உள்ள வேறுபாடு மிகச் சிறிதாதலின், அவ்வேறுபாடு செவிக்கு எட்டும் ஒலியாகவே அமைகின்றது! கருவியைச் சாய்த்தே பிடித்தல் வேண்டும். ஓட்டத்திற்கு நேர் செங்குத்தாகப் பிடித்தால் வேறுபாடு தோன்றாது.

அவ்வொலியையே திரையில் கோடாகவும் காணலாம். ஓய்ந்திருக்கும் நலமான காலில், இதயம் சுருங்கியதும் கோடு செங்குத்தாக எழுந்து கூரிய முடியாகும். உடனே அடிக்கோட்டிற்குக் கீழே சற்று இறங்கும். பின்னர் மீண்டும் சிறிது எழும். கீழிறங்குதல் குருதி பின்னோக்கிச் செல்வதைக் குறிக்கும். இது நோயோ என ஐயுறற்க. ஓய்ந்த காலின் நுண்குழாய்கள் சுருங்கியிருத்தலின், பாய்ந்து வந்த குருதி தடையுற்றுச் சிறிதே திரும்புகின்றது. விரிந்த தமனிச் சுவர் மீளச் சுருங்குங்கால் அது மறுபடியும் முன்செல்கின்றது.

தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து வழி குறுகினால் இவ்வடிவம் மாறும். குறுகிய இடத்தில் குருதி விரைந்து பாயும். அதற்கு முற்பட்ட பகுதியிலுள்ள வேகத்தைப் போல அங்கே இருமடங்கு காணப்படின், குழாயின் விட்டத்தில் பாதியேனும் அடைபட்டது எனக் கொள்வர். அடைப்பிற்கு அப்பாலோ, குருதிக்கு ஏங்கும் கால் தன் நுண்குழாய்களையெல்லாம் திறந்துவிடும். தடை நீங்குதலின் பின்னோட்டம் மறையும். கூரிய முடி, மெல்ல எழுந்து மெல்லச் சரியும் தாழ்ந்த மேடாகும். ஓடிக் களைத்த நலமுடையோர் காலிலும் பின்னோட்டம் மறைவதுண்டு. ஆயினும் அங்கே முடி கூர்மையாகவே எழும். ஆதலின், நோயாளியைச் சற்று நேரம் படுத்து இளைப்பாறச் செய்த பின்னரே சோதிப்பர்.

இவ்வடிவங்களை மூவலை, ஈரலை, ஓரலை என்று வகுத்து வந்தனர். 'ஈரலை' என்ற சொல்லை ஒருவர் ஒரு பொருளிலும் மற்றொருவர் வேறு பொருளிலும் ஆண்டமையால் குழப்பம் விளைந்தது. சொல் மயங்கின் சிகிச்சையும் மயங்குமன்றோ? ஆகவே 2020-இல் அமெரிக்க மருத்துவ அமைப்புகள் இரண்டு கூடி, பல்லலை, ஓரலை என்னும் இரு பெயர்களே போதும் எனப் பரிந்துரைத்தன.

கணுக்காலின் குருதியழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கும் எளிய சோதனையும் உண்டு. விடை 0.90 அல்லது அதற்குக் குறைவாயின் நோய் உண்டு என்பர். ஆனால், நெடுநாள் நீரிழிவு உடையோரின் தமனிச் சுவரில் சுண்ணம் படிந்து இறுகிவிடுவதுண்டு. காற்றுப்பட்டை எவ்வளவு இறுக்கினும் அக்குழாய் எளிதில் நசுங்காது. அதனால், குருதி குன்றிய காலுக்கும் அவ்வெண் குறையின்றித் தோன்றும், சிலர்க்கு 1.40-ஐயும் கடக்கும். உணர்ச்சி மரத்த பாதமாதலின் வலியும் எச்சரிக்காது. முள் தைத்த சிறு புண் வாரக்கணக்கில் ஆறாதிருக்கும். எண்ணை மட்டும் நம்பிய மருத்துவர் அவரை வீட்டிற்கு அனுப்பிவிடக்கூடும். தாழ்ந்த மேட்டைத் திரையிற் கண்டவரோ, அடைப்பு எங்குளது எனத் தேடுவார். காலந் தாழ்த்தாது அதனைத் திறந்து குருதியைச் செலுத்தினால், வெட்டி நீக்க வேண்டியிருந்த காலும் பிழைத்தல் கூடும்.