வான்வழித் தூரமும் வழிச்செல்லுங் காலமும்

இரண்டு நகரங்களுக்கு இடைப்பட்ட தூரம் யாதென வினவுவார்க்கு ஒரே விடை கூறுதல் இயலாது. ஆகாயத்திற் செல்லும் நேர்கோட்டின் நீளம் ஒன்று. சாலையின் நீளம் மற்றொன்று. பிரயாணிக்கு வேண்டுவதோ இவ்விரண்டும் அன்று. போய்ச் சேருங் காலமே.

சென்னை மீனம்பாக்கம் விமான நிலையம் வட அட்சம் 12.99 பாகையிலும் கீழ்த் தீர்க்கம் 80.17 பாகையிலும் உள்ளது. திருச்சிராப்பள்ளி விமான நிலையத்துக்கு இவை முறையே 10.77, 78.71 ஆகும். அட்சத்தில் ஒரு பாகை ஏறக்குறைய 110.6 கிலோமீட்டர். தீர்க்கத்தின் பாகை பூமத்திய ரேகையில் 111 கிலோமீட்டராயிருந்து, துருவம் நோக்கிச் செல்லச் செல்லக் குறுகும். நம் நாட்டுப் பகுதியில் அது சுமார் 109. ஆகவே தெற்கு நோக்கி 246, மேற்கு நோக்கி 159 கிலோமீட்டர் எனக் கொண்டு, செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைக் கணித்தால் 293 கிலோமீட்டர் கிடைக்கும். சாலையோ சுமார் 315. இடையே மலைகள் இன்மையாலும், பாலாறு, தென்பெண்ணை, கொள்ளிடம் ஆகியவற்றுக்குப் பாலங்கள் உண்மையாலும் வேறுபாடு இத்துணைச் சிறிதாயிற்று.

இந்நேர்கோட்டைப் படத்தில் வரைந்து பார்க்கும் மாணாக்கர் ஒரு வியப்பைக் காண்பர்: அது திண்டிவனத்தின்மீதும் விழுப்புரத்தின்மீதும் செல்கின்றது. எண்ணாயிரத்தை அடுத்த பிரம்மதேசமும் அதற்கு அணித்தேயுள்ளது. (எண்ணாயிரத்தில் இராசேந்திர சோழன் காலத்துக் கல்லூரியில் 340 மாணாக்கர் பயின்றனர் எனக் கல்வெட்டுக் கூறும். அவர்க்கு நாளொன்றுக்கு முப்பது கிலோமீட்டர் நடையே விரைவான பிரயாணமாயிருந்திருக்கும்.)

இனி, தாய் நோயுற்றாள் என்று கேட்டு, பிரம்மதேசத்திலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு விரையும் ஒருவனை எண்ணுக. விமான மார்க்கம் அவன் ஊர்ப்பக்கமாகச் சென்றும் அவனுக்குப் பயனில்லை. விக்கிரவாண்டியில் நெடுஞ்சாலையை அடைந்தபின், விமானம் ஏற வடக்கே 130 கிலோமீட்டர் செல்லவேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வீதம் அதற்கு 2 மணி 10 நிமிடம். புறப்பாட்டுக்கு ஒரு மணி முன்னரே பதிவு முடிவதால் குறைந்தது 1 மணி. பறத்தல் ஏறக்குறைய 1 மணி. இறங்கி நகரை அடைய அரை மணி. ஆக 4 மணி 40 நிமிடம். தெற்கு நோக்கி நேரே சாலையிற் சென்றாலோ 185 கிலோமீட்டர். மூன்று மணிக்குச் சற்றே அதிகம். பணமும் மிஞ்சும், தாயையும் ஒன்றரை மணி முன்னதாகக் காண்பான்.

மணிக்கு 500 கிலோமீட்டர் பறக்கவல்ல சிறு விமானம் 293 கிலோமீட்டருக்கு ஒரு மணி கொள்வானேன் எனின், ஓடுதளத்தில் ஊர்தலும், மேலேறுதலும், இறங்கும் திசைக்குத் திரும்புதலும் குறுந்தூரத்திலும் நெடுந்தூரத்திலும் ஏறத்தாழ ஒரே அளவு காலத்தை உண்பனவாம்.

மதுரைக்குச் செல்வதாயின் இருவழியும் ஏறக்குறைய ஐந்து மணி நேரமாய்ச் சமமாகிவிடும். தில்லிக்கோ வான்வழி 1,760 கிலோமீட்டர். பறத்தல் மூன்று மணிக்குள் முடியும். இரயிலில் 2,180 கிலோமீட்டரை முப்பது மணிக்கு மேலாகக் கடக்கவேண்டும். ஆங்கு மீனம்பாக்கம் வரை வடக்கே செல்லும் இரண்டு மணியை எவரும் பொருட்படுத்தார்.