பச்சை நத்தையும் உடும்பு ரத்தமும்: மூளைக்கு ஏறும் புழுவைத் தடுக்க

ரத்தப் பரிசோதனையில் ஈசினோபில் கூடியிருந்தால் இழுப்பு, ஒவ்வாமை என்று நினைப்போம். அதே வெள்ளணுக்கள் தண்டுவட நீரில் தென்பட்டால் விஷயம் வேறு. அங்கே அவற்றுக்கு வேலையே இல்லை. அந்த நீரிலுள்ள வெள்ளணுக்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ ஈசினோபில் இருந்தால், முதல் சந்தேகம் புழுவின் மேல்தான்.

இப்படி ஈசினோபில் கூடும் மூளையுறை அழற்சிக்கு உலக அளவில் முக்கியக் காரணம் எலி நுரையீரல் புழு. 1935இல் சீனாவின் கான்டன் நகர எலிகளில் கண்டறியப்பட்டது. எலி எச்சத்தில் வெளிவரும் இளம்புழு நத்தைக்குள் வளரும். அந்த நத்தையை எலி தின்றால், புழு மூளை வழியாக நுரையீரல் பக்கம் போய்ச் சேரும். மனிதர் தின்றால் பெரும்பாலும் மூளையோடு பயணம் முடிந்துவிடும். அங்கே சாகும் புழுவை எதிர்த்து உடல் நடத்தும் போரே இந்த மூளையுறை அழற்சி.

செய்யக்கூடாதவை

• உடும்பின் ரத்தத்தையோ ஈரலையோ பச்சையாக விழுங்காதீர்கள். இடுப்புக்கு வலு, ஆஸ்துமாவுக்கு மருந்து, ஆண்மைக்கு நல்லது என்று எதையாவது சொல்லிக் கொடுப்பார்கள். உடும்பு நத்தை தின்னும் பிராணி; நத்தையிலிருந்த புழு அதன் உடலில் காத்திருக்கும். கேரளத்திலும் இலங்கையிலும் உடும்புக் கறியால் இந்நோய் வந்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள். போதாக்குறைக்கு, இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உடும்பு வேட்டை குற்றம்.

• நத்தையை அரைவேக்காட்டில் இறக்காதீர்கள். மூலத்துக்கு நல்லதென்று வயல் நத்தை சாப்பிடுகிறவர்கள் நம்மூரில் உண்டு. நன்றாக வெந்தால் இந்தப் புழுவைப் பற்றிப் பயமில்லை. 2006இல் பெய்ஜிங்கில் உணவகத்து நத்தை சரியாக வேகாததால் 160 பேர் படுத்தார்கள்.

• எலுமிச்சைச் சாறு, வினிகர், மிளகாய், சாராயம் எதுவும் புழுவைக் கொல்லும் என்று நம்பாதீர்கள்.

• பந்தயத்துக்காக எதையும் விழுங்காதீர்கள். 2010இல் சிட்னியில் நண்பர்கள் உசுப்பேற்ற ஓர் இளைஞர் ஓடில்லா நத்தை ஒன்றை விழுங்கினார். ஓராண்டுக்கு மேல் நினைவின்றிக் கிடந்து, கைகால் முடங்கி, 2018இல் இறந்தார்.

• நன்னீர் மீனையும் விலாங்கையும் பச்சையாகத் தின்னாதீர்கள். அவற்றில் நாத்தோஸ்டோமா என்ற வேறொரு புழு வரலாம். தோலுக்கடியில் இடம் மாறி இடம் மாறி வீங்கவைக்கும்; மூளைக்குப் போனால் ரத்தக்கசிவு.

• தலைவலிக்குப் பூச்சி மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். புழுக்கள் ஒரேயடியாகச் செத்தால் அழற்சி கூடலாம். ஸ்டீராய்டா, பூச்சி மருந்தா, இரண்டுமா என்பது மருத்துவரின் முடிவு.

செய்ய வேண்டியவை

• நத்தையைக் கொதிநீரில் குறைந்தது 3 முதல் 5 நிமிடம் வேகவையுங்கள்.

• பச்சையாகத் தின்னும் இலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஓடும் நீரில் இருபக்கமும் கழுவுங்கள். மழைக்காலத்தில் நகக்கண் அளவு நத்தைகள் மடிப்புகளில் ஒட்டியிருக்கும். கழுவுவது அபாயத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். நம் கீரைக் கடைசலும் பொரியலும் இந்த விஷயத்தில் சாலட்டைவிட எவ்வளவோ மேல்.

• தோட்டத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தை மேய்ந்தால் கையுறையோடு எடுத்து, உப்புக் கரைசலில் போட்டுக் கொன்று புதையுங்கள். குழந்தைகளை அதோடு விளையாட விடாதீர்கள். எலி நடமாட்டத்தையும் ஒடுக்குங்கள்.

• அமெரிக்காவில் பிள்ளைகளோடு இருப்பவர்கள் மணல்தொட்டியை மூடிவையுங்கள். ரக்கூன் எச்சத்திலுள்ள உருளைப்புழு முட்டை குழந்தையின் வாய்க்குள் போனால் மூளைப் பாதிப்பு மிகக் கடுமையாக இருக்கும்.

• சந்தேக உணவு உண்ட 1 முதல் 3 வாரத்துக்குள் விடாத தலைவலி, கழுத்து இறுக்கம், வாந்தி, துணி பட்டாலே எரிகிற மாதிரித் தோல் கூச்சம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். காய்ச்சல் இல்லையே என்று இருந்துவிடாதீர்கள். பெரியவர்களுக்குப் பல நேரம் காய்ச்சல் இராது.

• முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கச் சம்மதியுங்கள். இடுப்பு போய்விடும் என்ற பேச்சில் உண்மையில்லை. நோயைக் காட்டித் தருவதும் அதுதான், அழுத்தம் குறைத்துத் தலைவலியைத் தணிப்பதும் அதுதான்.

• என்ன தின்றீர்கள் என்பதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வழக்குக்குப் பயந்தோ வெட்கப்பட்டோ உடும்பை மறைத்தால் நோயைக் கண்டுபிடிக்க நாளாகலாம். நோயாளியால் பேச முடியாவிட்டால் கூட வந்தவர் சொல்லட்டும்.