மருத்துவக் காப்பீட்டுக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டால்

அந்தமான் தீவுகளில் வாழும் நம் வாடிக்கையாளர்கள் பலர் பெரிய சிகிச்சைக்குச் சென்னை செல்கின்றனர். ஊர் திரும்பியபின் ‘தங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது’ என்று ஒரு கடிதம் வந்ததும், மறுகரையில் இருப்பவர்களோடு எப்படி வாதாடுவது என்று அத்துடன் விட்டுவிடுகின்றனர். விடவேண்டியதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். பணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி கிடைக்காதது, கோரிக்கையே மறுக்கப்பட்டதாகாது. கட்டணத்தை நாமே செலுத்திவிட்டுப் பின்னர் ஈட்டுத்தொகை கோரலாம். டிஸ்சார்ஜ் சம்மரி, அசல் ரசீதுகள், பரிசோதனை அறிக்கைகள் ஆகியவற்றைச் சென்னையிலேயே வாங்கிவிடுவது நன்று. ஒரு தாளுக்காக மீண்டும் கடல் கடக்க நேரக்கூடாது.

நிராகரிப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த விதி காட்டப்பட்டுள்ளது என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் எழுவது, ‘முன்பே இருந்த நோயை மறைத்தீர்’ என்ற காரணம். பாலிசி இடைவெளியின்றி 60 மாதங்கள் நடப்பிலிருந்தால், மோசடி நிரூபிக்கப்பட்டாலன்றி இக்காரணம் செல்லாது என்பது 2024-இல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி. நோயாளியின் உடல்நிலையை அறிந்தே பாலிசி வழங்கிய நிறுவனம், பின்னர் அதையே காட்டி மறுக்க முடியாது என 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் கூறியது. அமெரிக்கப் பயணத்தில் மாரடைப்புக்குச் சிகிச்சை பெற்ற ஒருவரின் வழக்கு அது. தவிர்க்கமுடியாத தாமதத்தை மட்டும் காரணமாக்கிக் கோரிக்கையைத் தள்ளக்கூடாது என்று ஆணையம் 2011-லேயே அறிவுறுத்தியுள்ளது. புயலால் கப்பல் நின்ற நாட்களை எழுதத் தயங்கவேண்டாம்.

மறுப்புரையை முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையெனில், அல்லது பதில் நிறைவளிக்காவிடில், ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். மருத்துவமனை சென்னையில் இருந்ததால் மனுவும் அங்கேதான் என்று சிலர் எண்ணுகின்றனர். வசிப்பிடத்தின்படி அந்தமான் நிக்கோபார் கொல்கத்தா அலுவலகத்தின் எல்லைக்குட்பட்டது. கட்டணம் இல்லை, வழக்கறிஞருக்கு இடமில்லை, 50 லட்சம் ரூபாய் வரை ஈட்டுத்தொகை வழங்க அதிகாரம் உண்டு. 2021 திருத்தத்துக்குப்பின் இணையவழி மனுவும் காணொலி விசாரணையும் வந்துவிட்டதால், கொல்கத்தாவுக்கு விமானம் ஏறவேண்டியதில்லை. அதே பிரச்சினை நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருந்தால் மட்டும் மனு ஏற்கப்படாது.

வங்கிக் கிளை வழியாக எடுத்த பாலிசியானாலும் முடிவெடுப்பது காப்பீட்டு நிறுவனமே. ஆயினும் விண்ணப்பப் படிவத்தின் நகல் கைவசம் இல்லாதோர் கிளையில் கேட்கலாம். எந்த நோயை அன்று அறிவித்தோம் என்பதற்கு அதுவே சான்று.

குறைதீர்ப்பாளரின் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். 30 நாட்களுக்குள் அது நிறைவேற்றப்பட வேண்டும். தீர்ப்பு நமக்கு எதிரானால், நுகர்வோர் ஆணையத்தின் கதவு அப்போதும் திறந்தே இருக்கிறது.