சொந்தத் தொழில் செய்யும் புகைப்படக் கலைஞருக்குக் காப்பீடு கட்டாயமா?

கேள்வி: மதுரையில் சொந்தமாகத் திருமணப் படங்களும் விளம்பரப் படங்களும் எடுத்துவரும் ஒருவர், இரண்டு உதவியாளர்களை வைத்திருக்கிறார், ட்ரோன் பறக்கவிடுகிறார், விலையுயர்ந்த லென்ஸ்களை வாடகைக்கு எடுக்கிறார். இத்தொழிலுக்குச் சட்டப்படி எடுத்தாக வேண்டிய காப்பீடுகள் யாவை?

பதில்: புகைப்படத் தொழிலை நடத்துவதற்கென்றே ஒரு காப்பீட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை. ஆயினும் அத்தொழிலில் பயன்படும் சில கருவிகளுக்குக் காப்பீடு கட்டாயம். அதற்கு அப்பால், கட்டாயமில்லாத இடங்களிலும் நட்டத்தை ஈடுசெய்யும் பொறுப்பைச் சட்டம் தொழில் செய்பவர் மீதே சுமத்துகிறது. தனி உரிமையாளராகத் தொழில் செய்பவரும் அவருடைய தொழிலும் சட்டத்தின் பார்வையில் ஒருவரே என்பதால், தொழிலில் நேரும் இழப்பீட்டுக் கடனுக்கு அவருடைய சொந்த வீடும் சேமிப்பும் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

கட்டாயமானவற்றை முதலில் காணலாம். 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 146, பொது இடத்தில் ஓடும் ஒவ்வொரு வாகனத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீட்டை, அதாவது வாகனத்தால் பிறருக்கு நேரும் உயிரிழப்பு, காயம், பொருள்சேதம் ஆகியவற்றுக்கான காப்பீட்டை, வலியுறுத்துகிறது. 2021 ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் இதே ஏற்பாட்டை ட்ரோனுக்கும் விரிவாக்கியுள்ளன. 250 கிராமுக்கு மிகாத நானோ வகைக்கு மட்டுமே விலக்கு உண்டு. அந்த எடையைத் தாண்டிய ட்ரோனைக் கூலிக்குப் பறக்கவிடுபவருக்குத் தொலைநிலை விமானிச் சான்றிதழும் தேவை. சான்றிதழின்றிப் பறக்கவிட்டால், காப்பீடு இருந்தும் இழப்பீடு மறுக்கப்பட வாய்ப்புண்டு.

உதவியாளர்களைப் பொறுத்தவரை, வேலையின்போது அவ்வேலையின் காரணமாக நேரும் விபத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை 1923 ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம் வகுத்தது. 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பும் அதை ஏற்றுள்ளது. ஒரு முகூர்த்தத்துக்கு மட்டும் அழைக்கப்படும் இரண்டாவது கேமராமேன் இவ்வகையில் பணியாளரா, தனி ஒப்பந்ததாரரா என்பது, அவருக்கு என்ன பெயர் சூட்டப்பட்டது என்பதைக் காட்டிலும், வேலையை எப்படிச் செய்வது என்று கட்டளையிடும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதைக் கொண்டே பெரிதும் முடிவாகும். எனவே உதவியாளர் வைத்திருப்பவர் பணியாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அடுத்தது பொதுப் பொறுப்புக் காப்பீடு. 1991 ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் என்ற பெயரைப் பார்த்து, அது எல்லாத் தொழிலுக்கும் உரியது என்று சிலர் எண்ணுகின்றனர். போபால் விஷவாயு விபத்துக்குப் பின் இயற்றப்பட்ட அச்சட்டம், அபாயகரமான பொருள்களைக் கையாள்வோரை மட்டுமே கட்டுப்படுத்தும். ஆனால் மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் கூட்டம் மேடையை நோக்கி நெருக்க, மணல்மூட்டை வைக்காத லைட் ஸ்டாண்ட் சாய்ந்து ஒரு மூதாட்டியின் தோளில் விழுந்தால், கவனக்குறைவுக்கான இழப்பீட்டு வழக்கு புகைப்படக் கலைஞர் மீதுதான் வரும். இந்தச் செலவையும் வழக்குச் செலவையும் ஏற்கும் பொறுப்புக் காப்பீடு விருப்பத்துக்குரியதே என்றாலும், பெரிய விளம்பர நிறுவனங்களும் விடுதிகளும் தங்கள் ஒப்பந்தத்திலேயே அதைக் கேட்டுவிட்டால், அங்கே அது கட்டாயமாகிவிடும்.

கருவிகளுக்கான காப்பீட்டில்தான் ஏமாற்றங்கள் மிகுதி. வீட்டுக் காப்பீடு பொதுவாகத் தொழிற்கருவிகளை ஏற்பதில்லை. ஆகவே கேமரா பிழைப்புக்கானது என்பதை விண்ணப்பத்திலேயே எழுத வேண்டும். முக்கியமான உண்மையை மறைக்காதிருத்தல் காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடித்தளம். மறைத்தது தெரிந்தால் ஒப்பந்தமே செல்லாததாகக்கூடும். ‘கொள்ளை’ என்ற சொல்லுக்கு ஒப்பந்தம் தரும் பொருளும் முக்கியம். யுனைடெட் இந்தியா எதிர் ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் 2004 இல் உச்ச நீதிமன்றம், பலவந்தமாகப் புகுந்து திருடுவதே கொள்ளை என்று ஒப்பந்தம் வரையறுத்திருந்தால், பலவந்தமில்லாத திருட்டுக்கு இழப்பீடு கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. பூட்டு உடையாமல், கண்ணாடி நொறுங்காமல், காரிலிருந்து காணாமற்போன கேமராப் பையின் கதி இதனால் விளங்கும்.

மதிப்பைக் குறைத்துக் காட்டிப் பிரீமியத்தை மிச்சப்படுத்துவதும் நட்டத்திலேயே முடியும். மொத்தம் 8 லட்சம் ரூபாய் பெறுமானமுள்ள கருவிகளை 4 லட்சத்துக்குக் காப்பீடு செய்தவருக்கு 1 லட்சம் ரூபாய்ச் சேதம் நேர்ந்தால், விகிதாசார விதியின்படி 50,000 ரூபாய் மட்டுமே கிடைக்கும். அதிலும் காப்பீடு செய்தவர் தாமே ஏற்க வேண்டிய தொகை கழிக்கப்படும். வாடகை லென்ஸைப் பொறுத்தவரை, 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151, பிறர் பொருளைப் பெற்றவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தம் பொருளைப் பேணுவதுபோல் அதைக் கவனமாகப் பேண வேண்டும் என்கிறது. அவ்வாறு பேணியும் சேதமுற்றால் பொறுப்பில்லை என்பது பிரிவு 152. ஆனால் சேதம் எதுவாயினும் முழுவிலை தருவதாக வாடகைக் கடையின் படிவத்தில் கையெழுத்திட்டவருக்கு இந்தப் பாதுகாப்பு கிட்டாது. ஆகவே வாடகைக் கருவிகளும் காப்பீட்டில் அடங்குமாறு எழுதி வாங்குவது அவசியம்.

மெமரி கார்டு பழுதாகி ஒரு குடும்பத்தின் திருமணப் படங்கள் அழிந்துபோனால், அதைச் சேவைக் குறைபாடு என்று 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். இதற்கானது தொழில்முறைப் பொறுப்புக் காப்பீடு. தவறு நடந்த நாளில் மட்டுமன்றிக் கோரிக்கை எழும் நாளிலும் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்க வேண்டும் என்பது இவ்வகையில் பொதுவான நிபந்தனை என்பதால், இடைவெளியின்றிப் புதுப்பித்துவர வேண்டும்.

காயமுற்றுப் படுத்தால் வருமானம் நின்றுவிடும் தொழிலில் தனிநபர் விபத்துக் காப்பீடு தவிர்க்கக் கூடாதது. வங்கிக் கணக்குள்ள 18 முதல் 70 வயதினர், ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் வரை காப்பு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் இன்றே சேரலாம்.

கோரிக்கை மறுக்கப்பட்டால், முதலில் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு, 1 மாதத்தில் தீர்வு வராவிட்டாலோ பதில் நிறைவளிக்காவிட்டாலோ, காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். கட்டணமில்லாத இந்த வழி தனி உரிமையாளர்களுக்கும் திறந்திருக்கிறது. தொழிலுக்காக எடுத்த காப்பீடு என்ற காரணத்தால் மட்டும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது என்பதையும் ஹர்சோலியா மோட்டார்ஸ் வழக்கில் 2023 இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது.

ஆகவே வாசகர் முதலில் வாகனத்துக்கும் ட்ரோனுக்கும் உரிய கட்டாயக் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று பார்த்து, அடுத்து உதவியாளர்களுக்கும் பொதுப் பொறுப்புக்கும், பின்னர் கருவிகளுக்கும் காப்பீடு செய்வது முறையாகும். ஒவ்வொரு கருவியின் தொடர் எண்ணையும் ரசீதையும் எடுத்துவைத்து, கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தின் விலக்குப் பட்டியலை வரி விடாமல் படிக்க வேண்டும். முகவர் வாய்மொழியாகத் தந்த உறுதியைக் காட்டிலும் அந்தப் பக்கத்தில் அச்சாகியிருப்பதே ஆணையத்தின் முன் பேசும்.