பெயரும் நானும்

என் பெயர் கயல்விழி. கயல் ஒரு வகை மீன். விழி என்றால் கண். கயல்மீனைப் போன்ற கண்களை உடையவள் என்பது பொருள். மதுரை மீனாட்சியின் பெயருக்கும் ஏறக்குறைய இதே பொருள்தான். அது வடமொழி, இது தமிழ். பாட்டி எனக்கு வைத்த பெயர் இது. வீட்டில் எல்லாரும் ‘கயல்’ என்று அழைப்பர். பாட்டிக்குக் கோபம் வரும்போது மட்டும் முழுப் பெயரும் வெளிவரும்.

நான் சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் பயில்கிறேன். சிங்கப்பூர்க் குடிமக்கள் பதினைந்து வயதில் அடையாள அட்டைக்குப் பதிந்துகொள்ள வேண்டும். இவ்வாண்டு எனக்கு அந்த வயது. வாழ்நாள் முழுவதும் பல இடங்களில் காட்டப்போகும் அட்டை அது. அதில் என் பெயர் எப்படி இருக்கும், அதைப் பார்ப்பவர் எப்படிப் படிப்பார் என்று சில மாதங்களாகவே யோசித்து வருகிறேன்.

பள்ளியில் என் பெயருக்கு மூன்று வடிவங்கள் உண்டு. சிலர் ‘கயல்விஸி’ என்பர். சிலர் ‘கயல்வில்லி’ என்பர். பெரும்பாலான சீன நண்பர்களின் வாயில் அது ‘கயல்விஜி’ ஆகிவிடும். தொடக்கப்பள்ளியில் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். என் பெயரைச் சரியாகச் சொல்ல யாருக்கும் அக்கறை இல்லை என்று நினைப்பேன். பிறகுதான் ஒன்று விளங்கியது. ஆங்கில எழுத்துகளில் ழகரம் இல்லை. அதற்கு ஈடாக ‘இசட்’, ‘எச்’ ஆகிய இரண்டையும் சேர்த்து எழுதுகிறோம். ஆனால், சீன மொழியை ஆங்கில எழுத்தில் எழுதும் ஹன்யூ பின்யின் முறையிலும் அதே இரண்டு எழுத்துகள் சேர்ந்து வருகின்றன. அங்கே அவற்றின் ஒலி ஏறத்தாழ ‘ஜ’. ஆகவே, என் சீனத் தோழி என் பெயரைப் பிழையாகப் படிக்கவில்லை. தன் மொழியின் விதிப்படி மிகச் சரியாகப் படித்திருக்கிறாள்! ‘தமிழ்’ என்ற சொல்லையே ஆங்கிலத்தில் ‘எல்’ போட்டு முடிக்கிறோம். அப்படியிருக்க, என் பெயருக்கு நேர்ந்ததில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒலி ஒருபுறம் இருக்க, பெயரின் அமைப்பே இன்னொரு கேள்வியை எழுப்புகிறது. இணையப் படிவங்கள் பலவற்றில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பாமல் அடுத்த பக்கத்திற்குச் செல்ல முடியாது. எனக்குக் குடும்பப் பெயர் இல்லை. எனவே, அப்பாவின் பெயரை அங்கே எழுதுவேன். உடனே கணினி என்னை அப்பாவின் பெயரால் அழைத்து வரவேற்கும்.

எங்கள் வகுப்பிலேயே பெயரிடும் முறைகள் பல உள்ளன. சீனர்களுக்குக் குடும்பப் பெயர் முதலில் வரும். சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூவின் பெயரில் ‘லீ’ என்பது குடும்பப் பெயர். மலாய்க்காரர்களின் வழக்கம் நம்முடையதைப் போன்றது. நாட்டின் முதல் அதிபர் யூசோஃப் பின் இஷாக்கின் பெயருக்கு ‘இஷாக்கின் மகன் யூசோஃப்’ என்று பொருள். தமிழர்களின் பெயருக்கும் தந்தையின் பெயருக்கும் இடையே சிங்கப்பூரில் ‘எஸ்/ஓ’ அல்லது ‘டி/ஓ’ என்று போடுவர். மலேசியாவில் அதையே மலாய் மொழியில் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்று எழுதுவர். மகன், மகள் என்பதற்கு மேல் அவற்றில் வேறு எதுவுமில்லை. இப்போது பிள்ளையின் பிறப்பைப் பதியும்போது அவற்றை விட்டுவிடும் பெற்றோரும் இருக்கின்றனர்.

இம்முறையை அறியாதவர்கள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொள்வர். 2023ஆம் ஆண்டு சிங்கப்பூர் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட தர்மன் சண்முகரத்னத்தை நாம் ‘அதிபர் தர்மன்’ என்கிறோம். சண்முகரத்னம் என்பது அவருடைய தந்தையின் பெயர். சதுரங்கத்தில் உலக வெற்றியாளரான விசுவநாதன் ஆனந்தின் கதை இன்னும் சுவையானது. ஆனந்த் என்பதே அவர் பெயர். விசுவநாதன் அவருடைய தந்தை. ஆனால், சதுரங்க உலகம் அவரைச் செல்லமாக ‘விஷி’ என்று அழைக்கிறது. தந்தையின் பெயரைச் சுருக்கி மகனுக்குச் செல்லப் பெயராக்கிவிட்டார்கள்.

குடும்பப் பெயர் இல்லாதது நமக்கு ஒரு குறையா? முன்பு நான் அப்படித்தான் நினைத்தேன். உலகில் பலருக்கு இருப்பது நமக்கு மட்டும் இல்லையே என்று தோன்றும். அந்த எண்ணத்தை மாற்றியது வரலாறு. ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் பலருடைய பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் ஒட்டிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் அது இருந்ததில்லை. இருந்தவர்களுக்கு அது ஒரு குடும்பப் பெயரைப் போலவே பயன்பட்டது. ஒருவரின் பெயரைக் கேட்டதும் அவரை எங்கே உட்காரவைப்பது, எவ்வளவு மதிப்பது என்று முடிவு செய்வதற்கு அந்தப் பட்டம் உதவியது. 1929ஆம் ஆண்டு செங்கல்பட்டில் நடைபெற்ற சுயமரியாதை மாநாட்டில், அத்தகைய பட்டங்களைக் கைவிட வேண்டும் என்று தீர்மானித்தனர். பெரியார் ஈ.வெ.ராமசாமி தம் பெயரிலிருந்து பட்டத்தை நீக்கினார். அதே ஆண்டின் இறுதியில் அவர் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்தார். இங்கே தமிழர் சீர்திருத்தச் சங்கத்தில் முன்னின்று உழைத்தவர், 1935ஆம் ஆண்டு ‘தமிழ் முரசு’ இதழைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி. சாதி வேறுபாடுகளைக் களைவது அவருடைய முக்கியப் பணிகளுள் ஒன்று.

ஆகவே, படிவத்தில் நான் திணறும் அந்தக் கட்டம் எப்போதும் வெறுமையாக இருந்ததன்று. சில குடும்பங்களில் யாரோ ஒருவர் வேண்டுமென்றே அதை வெறுமையாக்கியிருக்கிறார். தம் பேரப்பிள்ளைகளைப் பெயரைக்கொண்டு யாரும் எடைபோடக்கூடாது என்று அவர் எண்ணியிருக்கலாம். அதை அறிந்த பிறகு அந்தக் கட்டத்தின் மீது எனக்கு முன்பிருந்த கோபம் இல்லை.

ஆனால், பெயரை எழுதுபவர் கவனமாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் குடும்பத்திலேயே சான்று உண்டு. என் தாத்தா ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அந்நாளில் தோட்டத் தொழிலாளர் பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிராணி தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதுவதே பெயர். தாத்தாவின் தந்தை பெயர் ‘பழனி’ என்று தொடங்கும். தாத்தாவின் பிறப்புப் பத்திரத்தில் அதற்கு ஓர் ‘எல்’. அவருடைய தம்பியின் பத்திரத்திலோ இரண்டு ‘எல்’. முடிவில் இருக்கும் எழுத்தும் வேறு. பத்திரங்களை மட்டும் பார்ப்பவர் இருவருக்கும் தந்தை வேறு என்றே எண்ணுவார். கொள்ளுத்தாத்தா இறந்தபின் அவருடைய சிறு வீட்டைப் பிள்ளைகளின் பெயருக்கு மாற்றச் சென்றபோது, அவர்கள் உடன்பிறந்தவர்கள்தாம் என்று சத்தியப் பத்திரம் எழுதித் தர வேண்டியிருந்ததாம். ஒரே தட்டில் உண்டு வளர்ந்தவர்கள் அதற்காக வழக்கறிஞரிடம் பணம் கட்டியிருக்கிறார்கள். தாத்தா இதைச் சொல்லும்போது சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

‘இவ்வளவு சிக்கல் எதற்கு? பெயரைச் சுருக்கிக்கொள்ளேன்’ என்கிறான் என் அண்ணன். அவனுடைய நண்பர்கள் அவனை இரண்டே எழுத்துகளால் அழைக்கின்றனர். காப்பிக் கடையில் குவளையின் மேல் எழுதுவதற்கு அது வசதியாம். சுருக்குவதைத் தவறு என்று நான் கூறமாட்டேன். சிங்கப்பூரின் ஆறாவது அதிபர் எஸ். ஆர். நாதனின் முழுப் பெயர் செல்லப்பன் ராமநாதன். நாதன் என்னும் சுருக்கத்தையே நாடு முழுவதும் அன்போடு ஏற்றுக்கொண்டது. என்னை ‘கயல்’ என்று அழைப்பதும் சுருக்கம்தான். ஆனால், பெயரைச் சொல்ல வராததால் ஒருவர் எனக்குப் புதுப்பெயர் சூட்டுவதும், நானே விரும்பிச் சுருக்குவதும் ஒன்றாகிவிடாது. சென்ற ஆண்டு ஒரு முகாமில் பயிற்றுநர் ஒருவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, ‘உன்னைக் கே என்று கூப்பிடட்டுமா?’ என்று கேட்டார். ‘கயல் என்று கூப்பிடுங்கள், அது எளிதுதான்’ என்றேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை சரியாக வந்தது. முகாம் முடியும்வரை அவர் அதை மறக்கவில்லை.

அதன்பின் வகுப்பிலும் முயன்று பார்த்தேன். நாக்கின் நுனியைப் பின்னோக்கி வளைத்து, மேலண்ணத்தைத் தொடாமல் ஒலிக்க வேண்டும் என்று தோழிகளுக்குக் காட்டினேன். சீனத் தோழி ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டாள். நாக்கை மடித்து ஒலிக்கும் வழக்கம் அவள் மொழியிலும் உண்டு. உண்மையைச் சொன்னால், வகுப்பிலுள்ள தமிழ் மாணவர்கள் சிலரைவிட அவளுடைய ழகரம் இப்போது தெளிவாக இருக்கிறது. பதிலுக்கு அவள் தன் பெயரின் ஒலியேற்ற இறக்கங்களை எனக்குக் கற்றுத் தருகிறாள். நான்தான் இன்னும் தடுமாறுகிறேன்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. என் பெயரோடு அப்பாவின் பெயர் இருக்கிறது. அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. என் பள்ளிப் படிவங்களில் பாதியை நிரப்பிக் கையொப்பம் இடுபவர் அம்மாதான். மணமான பின்னும் அவருடைய அடையாள அட்டையில் அவருடைய தந்தையின் பெயரே இருக்கிறது. அவருடைய அம்மாவின் பெயர் அதிலும் இல்லை. தாய், தந்தை இருவருடைய முதலெழுத்துகளையும் போட்டுக்கொள்ளும் தமிழர்கள் இன்று இருக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாமா என்று வீட்டில் கேட்டேன். பத்திரத்தில் பதிந்த பெயரை மாற்ற வழக்கறிஞர் வழியாகப் பெயர் மாற்றப் பத்திரம் எழுத வேண்டும் என்று அப்பா விளக்கினார். பிறகு சற்று யோசித்து, ‘தமிழில் எழுதும்போது உன்னைத் தடுப்பது யார்?’ என்றார். முதலெழுத்தை ஆங்கில ஒலியில் எழுதாமல், சாரங்கபாணியைப் போலத் தமிழ் எழுத்தாகவே எழுத வேண்டும் என்பது மட்டும் அம்மாவின் நிபந்தனை.

இப்போது என் தமிழ்ப் பயிற்சிப் புத்தகத்தின் அட்டையில் ‘ம. இ. கயல்விழி’ என்று எழுதியிருக்கிறேன். தமிழாசிரியர் அதைப் பார்த்துவிட்டு, முதலில் இருக்கும் எழுத்து யாருடையது என்று கேட்டார். அம்மாவுடையது என்றேன்.